கெத்தும் தண்ணீர் கியானை அடக்குமா?



போன மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை. டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டுப் புறப்படும் நேரம். நம் தோட்டத்துத் தாய் ஒருவர் சேலைத் தலைப்புக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை என் மேசைமேல் வைத்தார். ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பொட்டலம். உள்ளே கடுந்தேத்தண்ணி நிறத்தில் கலங்கலாக ஏதோ இருந்தது.

"டிரசர் ஐயா, இது மருந்தா, வெசமா? நீங்க சொல்றத நான் கேக்கறேன்" என்றார்.

மோந்து பார்த்தேன். கெத்தும் இலை வேகவைத்த தண்ணீர். வடக்கே கெடாவிலிருந்து வரும் லோரிக்காரர் ஒருவர் கொடுத்தாராம். "இதைக் குடிச்சா தூள் கியான் வராது ஆயா, எங்க ஊர்ல பாதிப் பேரு இப்படித்தான் விட்டாங்க" என்று சொல்லிக் கொடுத்தாராம். மகனுக்கு அன்று இரண்டாவது நாள். தூளை விட்டுவிடுவதாகக் கோயிலில் சத்தியம் செய்துவிட்டு, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். கொட்டாவி கொட்டாவியாக வருகிறது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். ரோமம் குத்திட்டு நிற்கிறது. வயிற்றைப் பிசைந்து பத்துத் தடவை வெளியே போய்விட்டான். கால் சும்மா இருக்க மாட்டேன் என்று உதைத்துக்கொண்டே இருக்கிறது. "பெத்தவ பாத்துக்கிட்டு இருக்க முடியல ஐயா" என்று சொல்லி அழுதார்.

இந்தக் கேள்வியை எங்கள் நெகிரி செம்பிலான் பக்கத்தில் நானே பலமுறை கேட்டுவிட்டேன். பஹாவ் பக்கம் கேட்டார்கள், போர்ட்டிக்சன் பக்கம் கேட்டார்கள். கேட்பவர்கள் ரகசியமாகத்தான் கேட்கிறார்கள். "குடிக்காதே, சட்டவிரோதம்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடலாம். அப்படிச் சொன்னால் அவர்கள் வேறு யாரிடமாவது போய்க் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆகவே எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த லோரிக்காரர் சொன்னது முழுப் பொய் அல்ல. கெத்தும் குடித்தால் கியான் தணியத்தான் செய்யும்.

கெத்தும் நம் நாட்டு மரம். வடக்கே இதைப் பியாக்-பியாக் என்றும் சொல்வார்கள். தாய்லாந்தில் கிராத்தோம். காப்பிச் செடி எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான். ஈரமான இடங்களில் நன்றாக உயர்ந்து வளரும், இலை அகலமாக இருக்கும், கசப்பு சொல்லி மாளாது. அபினுக்குப் பதிலாக இந்த இலையை மக்கள் பயன்படுத்துவதைப் பினாங்கு, செபராங் பிறை பக்கத்து மண்ணைப் பற்றி 1836-ல் எழுதிய ஜேம்ஸ் லோ என்ற வெள்ளைக்கார அதிகாரியே குறித்து வைத்திருக்கிறார். 1897-ல் அதை மறுபடி எழுதியவர் யார் தெரியுமா? ரிட்லி! சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்து, கோட்டுப் பையில் ரப்பர் விதையைப் போட்டுக்கொண்டு துரைமார்களிடம் "நடு, நடு" என்று கெஞ்சிய அதே ரிட்லிதான். மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையை உலகத்துக்குக் காட்டிய மனிதர். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்ததற்கு ஒரு வகையில் அவரும் காரணம். அந்த மனிதர் கெத்தும் இலை அபின் பழக்கத்துக்கு மாற்று மருந்து என்று எழுதிவிட்டுப் போனார்.

பிறகு அதிலுள்ள சத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1921-ல் எடின்பரோவில் எலன் ஃபீல்ட் என்ற அம்மையார் மிட்ராஜைனின் என்று அதற்குப் பெயர் வைத்தார். இன்று கெத்தும் பற்றி உலகத்திலேயே அதிகம் ஆராய்ந்த இடங்களில் ஒன்று நம் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம். பேராசிரியர் விக்னசிங்கமும் அவருடைய கூட்டாளிகளும் கெடாவிலும் பினாங்கிலும் கெத்தும் குடிக்கிற 136 பேரைத் தேடிப் பிடித்து விசாரித்து 2010-ல் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் 100-க்கு 77 பேர் முன்பு வேறு போதைப்பொருள் எடுத்தவர்கள். ஏன் கெத்தும் குடிக்கிறீர்கள் என்று கேட்டதற்குச் சொன்ன பதில்: தூளைவிட மலிவு, கியானை அடக்குகிறது, தூளைக் குறைக்க முடிகிறது. நம் தாய் கேட்ட கேள்விக்கு அவர்களும் அனுபவத்தில் அதே பதிலைத்தான் சொன்னார்கள்.

அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. அதை லோரிக்காரர் சொல்ல மாட்டார். அந்த 136 பேரின் சிறுநீரைப் பரிசோதித்தபோது 62 பேரிடம் வேறு போதைப்பொருளும் இருந்தது. கெத்தும் குடிக்கத் தொடங்கிக் கொஞ்ச காலமே ஆனவர்களிடம்தான் ஹெராயின் அதிகம் தென்பட்டது. அதாவது, தூளை விட்டுவிட்டுக் கெத்துமுக்கு வந்தார்கள் என்று நினைத்தால், பாதி வழியில் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் பலர்.

அரைச் சாவி

இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும்.

நம் மூளையிலும் குடலிலும் சின்னச் சின்னப் பூட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலியைத் தணிக்க உடம்பே சொந்தமாகச் சாவி செய்து அந்தப் பூட்டைத் திறந்து மூடும். ஹெராயின் கள்ளச்சாவி. அது போய்ப் பூட்டை முழுக்கத் திருப்பிவிடும். வலி தெரியாது, கவலை தெரியாது, மூச்சு மெதுவாகும், குடல் தூங்கிவிடும். அதனால்தான் தூள் எடுக்கிறவனுக்கு மலச்சிக்கல். மாதக்கணக்கில் கள்ளச்சாவி போட்டுக்கொண்டே இருந்தால் உடம்பு சொந்தச் சாவி செய்வதைக் குறைத்துக்கொள்ளும், எதிர்ப்பக்கத்தில் பாரத்தைக் கூட்டிக்கொள்ளும். ஒரு நாள் தூள் வரவில்லை என்றால்? எதிர்ப்பக்கத்துப் பாரம் அப்படியே வந்து விழும். தூங்கின குடல் ஓட ஆரம்பிக்கும், வற்றின கண் ஒழுகும், வலி தெரியாத எலும்பெல்லாம் வலிக்கும். இதுதான் கியான். சாமியாடி வந்த கோபமும் இல்லை, செய்வினையும் இல்லை. கடைசியாக எடுத்து 8 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். ஒரு வாரம், பத்து நாளில் உடம்பு உபாதை இறங்கிவிடும். தூக்கமின்மையும் மனச்சோர்வும் மாதக்கணக்கில் நிற்கும். அந்த மாதங்களில்தான் முக்கால்வாசிப் பேர் மறுபடி விழுகிறார்கள்.

கெத்துமில் உள்ள மிட்ராஜைனின் அதே பூட்டுக்குள் போகும் சாவிதான். முழுக்கத் திருப்பாது. பாதி திருப்பும். பாதி திறந்தாலே கியான் அடங்கும். ஆகவேதான் மகனுக்கு அது வேலை செய்கிறது.

ஆனால் அதே பூட்டு என்பதால் அதே வினையும் உண்டு. அதே பினாங்கு மையத்தின் தர்ஷன் சிங்கும் மற்றவர்களும் தினசரி கெத்தும் குடிக்கும் 293 பேரை ஆராய்ந்து 2014-ல் எழுதினார்கள். ஆறு மாதத்துக்குமேல் குடித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்குக் கடுமையாக அடிமையாகியிருந்தார்கள். நிறுத்தினால் என்ன ஆகிறது? தசைப் பிடிப்பு, வலி, தூக்கமில்லை, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, படபடப்பு, கோபம். இந்தப் பட்டியலை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? அந்தத் தாய் என் மேசைமுன் நின்று சொன்னாரே, அதேதான். தூளுக்கு வரும் கியானைவிடக் கொஞ்சம் லேசாக இருக்கும். ஆனால் வரும்.

தூள் வாசனையே தெரியாத ஆட்களும் இதைக் குடிக்கிறார்கள். வெயிலில் செம்பனைக் குலை வெட்டிவிட்டு, உடம்பு வலிக்கு என்று ஆரம்பித்தவர்கள். தாய்லாந்தில் வயல்காரர்கள் இலையை மென்றுகொண்டே வேலை செய்ததற்கும் இதுதான் காரணம். காலையில் ஒரு கிளாஸ், களைத்தால் ஒரு கிளாஸ், தூங்க ஒரு கிளாஸ். ஆறு மாதம் கழித்து என்னிடம் வருவார்கள்: "டிரசர், ஒரு நாள் குடிக்கலேன்னா பெரட்டுக்கே எந்திரிக்க முடியல." பழக்கம் பிடித்துவிட்டது என்று சொன்னால், "நான் என்ன தூளா அடிக்கிறேன்?" என்று சண்டைக்கு வருவார்கள். அவர்கள் உடல் மெலியும், பசி குறையும், நாக்கு வறளும், மலம் இறுகும், தோல் கறுக்கும். அதிகமாகக் குடித்தவர்களுக்கு வலிப்பு வந்ததும் உண்டு.

அளவு என்று ஒன்று இல்லை

என்னைக் கேட்டால் கெத்துமின் பெரிய குறை அந்த இலை அல்ல. அளவில்லாததுதான். பனடோல் மாத்திரையில் 500 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் 500 இருக்கும். பொட்டலத் தண்ணீரில் எவ்வளவு மிட்ராஜைனின் இருக்கிறது என்று வேகவைத்தவனுக்கே தெரியாது. மரத்துக்கு மரம், இடத்துக்கு இடம், இளம் இலைக்கும் முற்றலுக்கும் சத்து மாறும். எவ்வளவு நேரம் கொதித்தது, எத்தனை தடவை தண்ணீர் சேர்த்தான், எல்லாம் அவன் கையில். விற்கிறவன் சும்மா இலையோடு விடுவதும் இல்லை. தென் தாய்லாந்தில் இளைஞர்கள் "நாலு பெருக்கல் நூறு" என்று ஒன்று குடிப்பார்கள். கெத்தும் தண்ணீர், இருமல் மருந்து, கோலா, அதோடு கைக்குக் கிடைத்த இன்னொன்று. இங்கேயும் அப்படிக் கலக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கெத்தும் மட்டும் குடித்து உயிர் போவது அபூர்வம். தூளோடு, தூக்க மாத்திரையோடு, சம்சுவோடு சேர்ந்தால் மூச்சு நின்றுபோகும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 2003 முதல் மிட்ராஜைனின், 1952-ம் ஆண்டு விஷப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. விற்றால் சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. தாய்லாந்து 1943-ல் தடை செய்து, 2021 ஆகஸ்டில் தடையை எடுத்துவிட்டது. ஹட்யாய் போய் வருகிறவர்கள் "அங்கே கடையிலேயே விக்கிறான்" என்று சொல்வது உண்மைதான். எல்லையைத் தாண்டி இங்கே கொண்டுவந்தால் அது இங்கே குற்றம்தான். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஏற்கெனவே தூளால் சீரழிந்த குடும்பம் கெத்துமால் கோர்ட்டுக்கும் அலைய வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

நான் செய்த தப்பு

இதை எழுதுவதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது 27 வயது. வேறொரு தோட்டம். காலை வரிசையில் இருபது பேர் நிற்கும்போது ஒரு பையன் வந்து, "டிரசர், தூக்கம் வரமாட்டேங்குது, ஒடம்பெல்லாம் நோவுது, ஏதாச்சும் மாத்திரை குடுங்க" என்றான். கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எனக்கு வந்தது கோபம். எல்லாரும் கேட்கும்படி, "தூளுக்கு இங்கே மருந்து கிடையாது, உங்கப்பன் பேரைக் கெடுக்காதே, போடா" என்று சொல்லிவிட்டேன். வரிசையில் அவனுடைய அத்தையும் நின்றுகொண்டிருந்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அதற்குப்பின் என் டிஸ்பென்சரிப் பக்கமே வரவில்லை.

கொஞ்ச நாளில் அவனைப் பிடித்து ஓர் இடத்துக்கு அனுப்பினார்கள். பல மாதம் கழித்து வெளியே வந்தான். உடம்பு தேறியிருந்தது. கன்னம் நிறைந்திருந்தது. தாய் பொங்கல் வைத்தார். வந்த நாலாம் நாள் பழைய கூட்டாளியைப் பார்த்தான். பழைய அளவிலேயே எடுத்தான். என்னைக் கூப்பிட்டபோது விடியற்காலை. பழைய கள்ளுக்கடைக் கட்டடத்தின் பின்னால் கிடந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் போய்த் தொட்டபோது உடம்பு குளிர்ந்துவிட்டது.

மாதக்கணக்கில் எடுக்காமல் இருந்த உடம்புக்குப் பழைய அளவு விஷம். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். அவன் வந்து கேட்ட அன்று பக்கத்தில் உட்காரவைத்துப் பேசியிருந்தால் சொல்லியிருப்பேன்.

இரண்டு வாரம் கெத்தும் குடித்துத் தூளை நிறுத்தியவனுக்கும் இதே அபாயம் உண்டு. உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். "ஒரே ஒரு தடவை" என்று பழைய அளவை எடுத்தால், அதுவே கடைசித் தடவையாகிவிடலாம். சிறையிலிருந்து, மையத்திலிருந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிறவர்களின் தாய்மார்களே, இந்த ஒரு விஷயத்தை மகனுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் அவனுக்கு ஆசை வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். அவனுக்கு ஏற்கெனவே ஆசை இருக்கிறது.

யாராவது அப்படி விழுந்து கிடப்பதைப் பார்த்தால்: கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கும், மூச்சு மிக மெதுவாக இருக்கும், அல்லது கொர்கொர் என்று குறட்டை மாதிரி வரும், எழுப்பினாலும் எழாது. உடனே 999-க்குக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். மூச்சு நின்றுவிட்டால் தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய்வைத்து ஐந்து வினாடிக்கு ஒரு முறை ஊதுங்கள். தண்ணீரை முகத்தில் ஊற்றி, பால் கொடுத்து நேரத்தைப் போக்காதீர்கள். இதற்கு நலோக்ஸோன் என்று ஊசி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் போட்டால் நிமிடங்களில் மூச்சு திரும்பும்.

அளந்து கொடுக்கும் சாவி

சரி, கெத்தும் வேண்டாம் என்றால் வேறு என்ன வழி என்று கேட்பீர்கள். கெத்துமுக்குப் பின்னால் இருக்கும் யோசனை நல்ல யோசனைதான். ஒரு சாவியை எடுத்துவிட்டு, வேறு சாதுவான சாவியைப் போட்டு, உடம்பை நிதானத்துக்குக் கொண்டுவருவது. அதை அளந்து செய்கிற மருந்து அரசாங்கத்திடம் இருக்கிறது. 

ஒன்று மெத்தடோன். 2005-ல் நம் நாட்டில் ஆரம்பித்தார்கள். சிரப். நாளைக்கு ஒரு தடவை, கிளினிக்கில் அவர்கள் கண்முன்னாலேயே குடிக்கவேண்டும். ஒரு நாள் முழுக்கப் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஏறி இறங்கும் போதை இல்லை, கியான் இல்லை. முதலில் 20, 30 மில்லிகிராம் என்று சின்ன அளவில் தொடங்கி, டாக்டர் பார்த்துப் பார்த்து உயர்த்துவார். முதல் வாரம் "எனக்குப் பத்தவில்லை" என்று பலர் ஓடிவிடுகிறார்கள். பத்தாதுதான். அவசரப்பட்டு ஏற்றினால் மூச்சு நிற்கும், அதற்காகத்தான் அந்த நிதானம். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

இன்னொன்று பியூப்ரினார்பின். இது கெத்தும் மாதிரியே அரைச் சாவி, ஆனால் அளந்து செய்த அரைச் சாவி. நம் பக்கத்து ஊர் மூவாரிலேயே 126 ஹெராயின் நோயாளிகளை வைத்து ஆராய்ந்து பார்த்தார்கள். 2008-ல் லான்செட் என்ற பெரிய மருத்துவ ஏட்டில் அது வெளிவந்தது. வேறு மருந்து பெற்றவர்களையும், வெறும் மாத்திரை பெற்றவர்களையும்விட, பியூப்ரினார்பின் பெற்றவர்கள் கூடுதல் நாள் தூள் தொடாமல் இருந்தார்கள். ஆக, அரைச் சாவி யோசனை லோரிக்காரருடையது மட்டும் அல்ல, டாக்டர்மாருடையதும்தான். வித்தியாசம் அளவில் இருக்கிறது. மருந்தைக் கொடுத்துவிட்டு, உங்களை மறுநாள் வந்து பார்க்க ஒரு ஆள் இருப்பதிலும் இருக்கிறது.

மெத்தடோன் எடுக்கத் தொடங்கியவர்கள் கெத்துமைத் தொடவே கூடாது. இரண்டும் ஒரே பூட்டு. போதாக்குறைக்கு, மருந்தைக் கரைத்து வெளியேற்றுகிற ஈரலின் வேலையைக் கெத்தும் மந்தப்படுத்தும். உள்ளே மருந்து தேங்கும். ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்கள் (சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகுமே, அந்த மருந்துதான்) அதையும் சொல்லவேண்டும். அது மெத்தடோனைச் சீக்கிரம் கரைத்துவிடும், நடு இரவில் கியான் வந்துவிடும். "மெத்தடோன் வேலை செய்யவில்லை" என்று ஒருவர் என்னிடம் வந்து புலம்பினார். கேட்டுப் பார்த்தால் இதுதான் காரணம். டாக்டர் அளவை மாற்றினார், சரியாகிவிட்டது.

கர்ப்பிணிப் பெண்கள் தூளையோ கெத்துமையோ திடீரென்று நிறுத்தக் கூடாது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து. கெத்தும் குடித்த தாய்க்குப் பிறந்த குழந்தை கியானோடு பிறந்ததும் பதிவாகியிருக்கிறது. வெட்கப்படாமல் தாய்சேய் கிளினிக்கில் சொல்லுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்வரை வீட்டில் என்ன செய்யலாம்? அவனைக் கட்டிப்போடாதீர்கள், சங்கிலி போடாதீர்கள், அறையைப் பூட்டாதீர்கள். தூள் கியானால் திடகாத்திரமான ஆள் சாவது அபூர்வம். ஆனால் வாந்தியும் பேதியும் சேர்ந்து தண்ணீர் வற்றினால் சாகலாம். ஆகவே தண்ணீர்தான் முதல் மருந்து. உப்புப் போட்ட கஞ்சி, அல்லது ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. தேக்கரண்டி தலைதட்டி இருக்கட்டும். வலிக்குப் பனடோல் இரண்டு, ஆறு மணிக்கு ஒரு முறை. ஈரல் கோளாறு உள்ளவர்களும் குடிகாரர்களும் கேட்டுவிட்டுச் சாப்பிடவேண்டும். இளஞ்சூட்டு வெந்நீரில் குளியல் கால் உளைச்சலுக்கு நல்லது. நாள் முழுக்கச் சிறுநீர் போகவில்லை, உளறுகிறான், வலிப்பு வந்தது என்றால் வீட்டில் வைக்காதீர்கள்.

சம்சுக் கியான் வேறு. பெரிய குடிகாரர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கி, பூச்சி தெரிகிறது என்று உளறி, வலிப்பு வந்து உயிரே போகலாம். அதை வீட்டு வைத்தியத்தில் விடக் கூடாது. அதைப் பற்றி இன்னொரு முறை எழுதுகிறேன்.

அந்தத் தாய்க்கு நான் என்ன சொன்னேன்? பொட்டலத்தை என்னிடமே வைத்துக்கொண்டேன். அன்றிரவு அவர்கள் வீட்டுக்குப் போனேன், உப்புச் சீனித் தண்ணீர் கலக்கிக் காட்டினேன், பையனோடு அரைமணி நேரம் உட்கார்ந்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "போலீசு வருமா?" இரண்டாவது கேள்வி, "வேலை போயிடுமா?" தானாக முன்வந்து சிகிச்சை கேட்பவர்களுக்கு 1983-ம் ஆண்டுப் போதைப்பித்தர் சிகிச்சைச் சட்டத்திலேயே இடம் உண்டு என்று சொன்னேன். மறுநாள் அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம்.

மருந்தைவிடத் தொந்தரவாக இருந்தது நேரம்தான். கிளினிக் திறப்பது 8 மணிக்கு. பெரட்டு விடியற்காலையில். தோட்டத்திலிருந்து பஸ் கிடையாது. தினசரி போய்க் குடிக்கவேண்டும், ஒரு நாள் தவறினால் மதியத்துக்குள் உடம்பு கேட்கும். மண்டோரிடம் பேசினேன், கிராணியிடம் பேசினேன், சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவரும் வந்து பேசினார். அவனுக்கு வேலை 9 மணிக்குத் தொடங்கும், மாலையில் ஒரு மணி நேரம் கூடச் செய்வான் என்று முடிவாயிற்று. மோட்டார் சைக்கிள் அவனுடைய மாமாவுடையது. உங்கள் தோட்டத்திலும் இப்படி ஓர் ஆள் இருந்தால், நோய் என்ன என்று யாருக்கும் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, "தினசரி கிளினிக் மருந்து" என்று சொன்னால் போதும். காசநோய்க்காரருக்குக் கொடுக்கிற சலுகை இவனுக்கும் கொடுக்கலாம். முதல் சில மாதம்தான் அந்தச் சிரமம். ஒழுங்காக வந்தால் பிறகு சில நாள் மருந்தை வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். கொடுத்தால் பூட்டி வையுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டினால் ஒரு மடக்கே உயிரைக் குடிக்கும்.

ஒன்பது மாதம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை வழுக்கினான். டாக்டர் விரட்டவில்லை, அளவைப் பார்த்து மாற்றினார். அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இதை எப்ப நிறுத்துவாங்க ஐயா?" என்று கேட்கிறார். வருடக்கணக்கில் ஆகலாம் என்கிறேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. சர்க்கரை வியாதிக்கு நீங்கள் பத்து வருடமாக மாத்திரை சாப்பிடவில்லையா என்று கேட்டேன். "அது வேற, இது வேறங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சிரம்பான் துவாங்கு ஜாஃபார், கோலப்பிலா, போர்ட்டிக்சன், தம்பின், ஜெம்போல் என்று நம் மாநிலத்து அரசாங்க ஆஸ்பத்திரி எதிலும், பக்கத்துச் சுகாதாரக் கிளினிக்கிலும் மெத்தடோன் எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்திலும் கேட்கலாம். முதலில் உங்கள் தோட்டத்து டிரசரிடம் கேளுங்கள். வரிசையில் நின்று கேட்க வெட்கமாக இருந்தால் மாலை ஆறுமணிக்குமேல் வாருங்கள். என் டிஸ்பென்சரிக்குப் பின்வாசல் ஒன்று இருக்கிறது. அதை நான் இப்போதெல்லாம் பூட்டுவதில்லை.